வசந்தாமணி வாழ்ந்து பார்த்த மூன்று வீடுகள்

எட்டு முழ வேட்டியை மடிப்பது இரண்டு ஆள் வேலை என்பது சென்னியப்பனின் கட்சி. ஒருத்தராக மடித்தால் கரை கோணிக்கொண்டு போகும் என்பார். அதனால் மொட்டைமாடியில் கணவனும் மனைவியும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்பதும், மடிக்க மடிக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவதும் அந்த வீட்டில் வழக்கம். பக்கத்து மாடிக்காரர்கள் பார்த்துச் சிரித்து, பிறகு சிரிக்கவும் சலித்துப்போன காட்சி அது.

அன்றைக்கும் மடித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் நாமக்கல் மலைக்கோட்டை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"அமைதிச் சோலையில துணி மடிக்க ஒரு மிஷின் வெச்சிருக்காங்களாமா," என்றாள் வசந்தாமணி.

"அப்பறம் நானெதுக்கு?"

"நீங்க அங்க இருக்கற நீச்சல் குளத்துல எறங்கிக் குளிங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு தெரிஞ்சே சொல்றியா அம்மிணி?"

"தெரிஞ்சுதானுங்க சொல்றேன்."

சிரித்துக்கொண்டே இரண்டடி முன்னால் வந்து முனைகளைச் சேர்த்தார். ஆறு மாதமாக இதே பேச்சுதான். வசந்தாமணிக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. அவருக்கு நெஞ்சில் அடைப்பெடுத்து இரண்டு முறை ஆயிற்று. ஒரே மகள் இந்துமதி ஆக்லாந்தில் இருந்தாள். எங்கே போய்க் கடைசிக் காலத்தைக் கழிப்பது என்பதற்கு அந்தச் சின்ன ஊரிலேயே மூன்று வழிகள் இருந்தன. சேலம் ரோட்டில் அமைதிச் சோலை: தனித்தனி வீடு, தோட்டம், டாக்டர், எல்லாம் பளபளப்பு. இரண்டாவது, இருக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு, தூக்கிவிடவும் மாத்திரை எடுத்துக்கொடுக்கவும் ஒரு பராமரிப்பு மிஷினை வாடகைக்கு எடுப்பது. மூன்றாவது மோகனூர் போகும் வழியில் மஹால். ஒரு காலத்தில் முகூர்த்த நாளில் இடம் கிடைக்காத கல்யாண மண்டபம் அது. ஊரில் கல்யாணங்கள் அருகிப்போனதும், ராஜாமணி என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் அதைக் குத்தகைக்குப் பிடித்து முதியோர் இல்லமாக்கிவிட்டாள். பெயர்ப்பலகையை மாற்றவில்லை. ஊரும் மஹால் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"கண்ணாலம் நடந்த எடத்துல போய்க் கெழடுக குடியிருக்கறதா?" என்றாள் வசந்தாமணி.

"வண்டி எப்படி இருந்தா என்ன, ஓட்டறவன் எப்படின்னு பாக்கோணும்," என்றார் சென்னியப்பன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். எதைப் பேசினாலும் வண்டியில் ஏற்றித்தான் பேசுவார். "எப்படியும் நாளைக்கு அந்த முன்வாழ்வு மையத்துல எந்த எடம்னு சொல்லிருவாங்கல்ல. பாத்துக்கலாம்."

கடைசி இரண்டு முனைகளை அவள் கையில் கொடுத்தார். "மீதிய நீ பாரு. வெயில் ஏறுது. நான் போய்க் காப்பிக்குப் பால் வெக்கறேன்."

படி இறங்கிப் போனார். துணிக்கூடையோடு அவள் கீழே வந்தபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து நாற்காலியில் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாக்கெட்டின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை.

கருமாதி முடிந்து, ஒறம்பரைச் சொந்தமெல்லாம் கிளம்பிப் போனபின் இந்துமதி அம்மாவை முன்வாழ்வு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு விடுப்பு முடியப் போகிறது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. ஏறாமலும் இருக்க முடியாது.

மையத்தை நடத்திக்கொண்டிருந்தவள் ரெஜினா. ஐம்பதை நெருங்கிய, சத்தமில்லாமல் பேசும் பெண். வசந்தாமணியின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, இந்துமதிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்.

"அப்பாவும் அம்மாவும் ஆறு மாசமா கையில பட்டை கட்டியிருந்தாங்க. வீட்ல பேசற பேச்சு, நடை, தூக்கம், கோவம், என்ன சாப்பிட்டாங்க, எதுக்கு முகம் சுளிச்சாங்க, எல்லாம் அதுல பதிவாகும். அத வெச்சு அவங்க மாதிரி ஒருத்தர நாங்க உள்ள உருவாக்கறோம். மாதிரின்னுதான் சொல்றது. அந்த மாதிரி ஒவ்வொரு இல்லத்துலயும் அஞ்சு வருசம் வாழ்ந்து பாக்கும். நமக்கு ஒரு மத்தியானம். அதுக்கு அஞ்சு வருசம்."

"இல்லம் நெஜமா இருக்கற மாதிரியே இருக்குமா?"

"சுவத்துல இருந்து சமையல்கட்டு வாசம் வரைக்கும் அளந்துதாம்மா ஏத்தியிருக்கோம். வெயிலு, மரத்து நெழலு, வேலைக்காரங்க குணம் முதற்கொண்டு. பிடிக்காத எடத்துல போய் மாட்டிக்கிட்டு, டெபாசிட்டும் போயி மனசும் போயி நின்னவங்களப் பாத்துட்டுத்தான் இத ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேரும் சேந்து வாழ்ந்து பாக்கறதாத்தான் இருந்துச்சு. இப்ப அம்மாவத் தனியா அனுப்பியிருக்கோம்."

எதிர்ச்சுவரில் வசந்தாமணி தெரிந்தாள். ஐந்து வயது கூடியிருந்தது. பின்னால் புல்தரையும் செம்பருத்தி வேலியும். அமைதிச் சோலை.

"அம்மா," என்றாள் இந்துமதி. "எப்படிம்மா இருக்கற?"

"எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கேன்," என்றாள் சுவரில் தெரிந்த வசந்தாமணி. "நீ சாப்பிட்டியா? கொழந்தைக்குச் சளி போச்சா?"

அடுத்தது சொந்த வீடு. பின்னால் அதே ஃபிரிட்ஜ். "நல்லா இருக்கேன் சாமி. நீ ஏன் எளைச்சுப் போயிட்ட?"

மஹால். பின்னால் நீளமான பந்திக்கூடம். "நல்லா இருக்கேன் கண்ணு. நீ எங்களப் பத்தி ரோசன பண்ணாத."

இந்துமதியின் முகம் முதலில் மலர்ந்து, பிறகு மெல்ல மெல்லச் சுருங்கியது. ரெஜினா படத்தை நிறுத்தினாள். பல தடவை பார்த்த விபத்தை மறுபடி பார்த்தவள் போலப் பெருமூச்சு விட்டாள்.

"நாமக்கல், கரூர், ஈரோடு, இந்தப் பக்கத்து அம்மாமாருக எங்க மிஷினத் தோக்கடிச்சர்றாங்க. வெளிநாட்ல செஞ்சவங்களுக்கு இது புரியவே இல்ல. மாதிரியில தப்பு இருக்குன்னு நெனச்சாங்க. தப்பே இல்ல. ரொம்பச் சரியா இருக்கறதுதான் தொந்தரவு. பெத்த புள்ள கேட்டா எந்த அம்மா குறை சொல்லியிருக்கா? மாதிரியும் சொல்லாது."

"தூக்கம், எடை, அதெல்லாம் பாக்க முடியாதா?"

"பாத்தேன். மூணு எடத்துலயும் ஒண்ணுபோலத்தான். துக்கம் இருக்கறவங்களுக்கு அது எல்லாத்தையும் ஒரே மட்டமா அமுக்கிருது."

"நான் கேட்டுப் பாக்கறேன்," என்றாள் வசந்தாமணி. "அவ நாந்தானே. எங்கிட்டச் சொல்லுவா. நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

சொந்த வீட்டில் வாழ்ந்த வசந்தாமணியைத்தான் முதலில் கூப்பிடச் சொன்னாள்; அவர்கள் வெளியே போனதும் அவள் சுவரில் வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி பார்ப்பது போல இல்லை. தூரத்து உறவுக்காரியை வெகுநாள் கழித்துப் பார்ப்பது போல இருந்தது.

"நெசமாச் சொல்லு. எப்படி இருக்கற?"

"இந்துவ வெளிய இருக்கச் சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

மாதிரி கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, "நல்லாத்தான் இருக்கேன்," என்று சொல்லிச் சிரித்தது. அந்தச் சிரிப்பை வசந்தாமணி ஆயுசு முழுக்கச் சிரித்திருக்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பது அதுவே முதல் தடவை.

வெளியே வந்து, "சொல்ல மாட்டீங்கறா," என்றாள்.

ரெஜினா தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைச் சொன்னாள். "இதுக்கு ஒரு வழி இருக்கும்மா. வேற யாராவது பார்வையாளரா உள்ள போய் அம்மாவப் பாத்துட்டு வந்து சொல்லலாம். வெளியாளு போனா அவங்களுக்கும் இதே பதில்தான். அம்மாவ வாய் தொறக்காமயே படிக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்." நிறுத்தினாள். "அப்பாவோட மாதிரி எங்ககிட்ட இருக்குது."

இந்துமதி எழுந்து ஜன்னலண்டை போய்விட்டாள்.

"இறந்தவங்க மாதிரிய ஒரே ஒரு தடவைதான் எழுப்பலாம். சட்டம் அப்படி. எழுப்பினா, அவங்க இறந்துட்டாங்கங்கறத முதல்ல சொல்லிறணும். அப்பறம் அழிச்சிருவோம். எழுப்பலைன்னாலும் இந்த மாசக் கடைசில தானா அழிஞ்சிரும்."

"வேண்டாங்க," என்றாள் வசந்தாமணி. "செத்த மனுசனக் கூப்பிட்டு, நீ செத்துட்டேன்னு சொல்லி, சொன்ன வாயோட எனக்கு ஒரு வீடு பாத்துக் குடுன்னு கேக்கறதா? அவுரு ஒண்ணும் தெரியாமப் போனாரு. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். அதையும் கெடுக்கவா?"

வீட்டுக்குத் திரும்பினார்கள். இந்துமதி அமைதிச் சோலைக்கே பணம் கட்டிவிடலாம் என்றாள். டாக்டர் உள்ளேயே இருக்கிறார், கேமரா இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் அவள் அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். வசந்தாமணி சரி என்றாள். எங்கே போனாலும் சரிதான் என்று தோன்றியது அவளுக்கு. இருக்கப்போகிற வருசங்கள் எத்தனையோ, அவற்றை ஒரு வாக்கியத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மாடியில் நிற்கும்போது நாக்பூர்க்காரன் ஞாபகம் வந்தது. நாக்பூரில் லோடு இறக்கப் போன முருகேசு என்கிற டிரைவர். சென்னியப்பன் போன் செய்து கேட்டபோது, "நல்லா இருக்கேன்ணே, கெளம்பிட்டே இருக்கேன்," என்றான். போனை வைத்துவிட்டு, "இவன் நல்லா இல்ல," என்றார். எப்படித் தெரியும் என்று வசந்தாமணி கேட்டாள். "எப்பவும் பேட்டா பத்தலைன்னு அழுவான். இன்னைக்கு அழுவல." உடனே நாக்பூரில் தெரிந்த ஒருத்தரை வண்டிக்கு அனுப்பினார். கேபினில் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தானாம் முருகேசு. டிரைவர்கள் சொல்கிற சொல்லை அவர் என்றுமே கேட்டதில்லை. சொல்லுக்குப் பின்னால் கேட்கிற ஹாரனையும் டீக்கடைப் பாட்டையும் கேட்பார். இருக்க வேண்டிய குறை இருக்கிறதா என்று கேட்பார். அத்தனை பேர் பொய்யையும் அத்தனை வருசம் கேட்டும் ஒருத்தனைக்கூட அவர் பொய்யன் என்று சொன்னதில்லை. "பொய்யில்ல வசந்தா. நாம கவலப்படக் கூடாதுன்னு சொல்றாங்க," என்பார்.

அந்த மனிதரைக் கேட்காமல் ஒரு முடிவெடுத்தால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். செத்ததைச் சொல்லக் கேட்டு வருத்தப்படுவார்தான். கேட்காமலே விட்டதற்கு அதைவிட வருத்தப்படுவார்.

கீழே வந்து, "அப்பாவக் கூப்பிடலாம் கண்ணு," என்றாள்.

மறுபடி மையத்துக்குப் போனார்கள்; சுவரில் சென்னியப்பன் வந்தார். சட்டைப் பையில் பேனா. தலையில் சீப்பு படியாத அந்த ஒரு கொத்து முடி. ரெஜினா சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வசந்தாமணியின் கையைப் பார்த்துவிட்டார். அவருடைய கைக்கடிகாரம், வளையலுக்கு மேலே, பட்டை தொளதொளவென்று.

"அட," என்றார். "எப்போ?"

"வேட்டி மடிச்சமல்லங்க. அன்னைக்கு."

"கீழ எறங்குனது வரைக்கும் ஞாபகம் இருக்குது. பால் வெச்சனா?"

"இல்லீங்க."

"அதயும் நீயேதான் வெச்சியாக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார். "இந்து, அழுவாத அம்மிணி. பாரு, செத்தும் ஆபீஸ் போகவேண்டிருக்குது. எதுக்குக் கூப்பிட்டீங்க? உங்கம்மா சும்மா கூப்பிட மாட்டாளே."

இந்துமதிதான் சொன்னாள். மூன்று இடங்கள், மூன்று பேர், மூன்று பேரும் நல்லா இருக்கேன் என்கிறார்கள். கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் சத்தமாகச் சிரித்துவிட்டார். "மிஷினுக்கே அல்வா குடுத்துட்டாளா உங்கம்மா?"

"அங்க இருக்கற அம்மாவுக்கு நீங்க வர்றது எப்படி இருக்கும்னா," என்று ரெஜினா விளக்கினாள், "கனவுல இறந்தவங்க வந்தா நாம திடுக்கிடறதில்லல்ல, அந்த மாதிரி. எப்பவும் வர்ற ஆளு வந்த மாதிரித்தான் இருக்கும். மூணு எடத்துலயும் பார்வையாளர் நேரம் மத்தியானந்தான். அங்க பொழுது சாஞ்சதும் நீங்க திரும்பிறலாம்."

"மூணு டிரிப்பு. சரி." எழுந்தார். ஒரு கணம் வசந்தாமணியைப் பார்த்து நின்றார். "போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்."

அவர் அங்கே என்ன பேசுகிறார் என்று பார்க்க வேண்டுமா என்று ரெஜினா கேட்டாள். பார்க்கலாமாம், அனுமதி உண்டாம்.

"அதெப்படிங்க," என்றாள் வசந்தாமணி. "புருசன் பொண்டாட்டி பேசறத எட்டிப் பாக்கறதா?"

"அங்க இருக்கறதும் நீங்கதானம்மா."

"இருந்தாலும்."

மூவரும் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டீ ஆறுவதற்குள் சென்னியப்பன் மூன்று மத்தியானங்களைக் கழித்துவிட்டு வந்தார். முகம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்கார்ந்து, மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆபீஸிலிருந்து வந்தால் அப்படித்தான் உட்காருவார்.

"அமைதிச் சோலை எடம் அருமை. குறையே சொல்ல முடியாது. சுத்தமுன்னா சுத்தம். டாக்டருப் பையன் தங்கமானவன். உங்கம்மா என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் காட்டுனா. குளத்தைக் காட்டுனா, துணி மடிக்கற மிஷினக் காட்டுனா. கெளம்பறப்போ கேட்டு வரைக்கும் வந்தா. வந்தவ கைய விடல. வாட்ச்மேன் வந்து, நேரமாச்சுங்கம்மான்னு சொல்லியும் விடல. அவனேதான் பிரிச்சு விட்டான்."

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்தது நம்ம வீடு. மிஷின் நல்லா வேலை செய்யுது, பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. நான் உள்ள போனதும் எழுந்து நின்னா. காப்பி வெச்சா. டம்ளர் எடுக்கப் போறப்பப் பாத்தேன். ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்தி வெச்சிருக்குது. தெனமும் ரெண்டு கழுவறயான்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டா."

தெருவில் முட்டை வண்டி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"மஹால்," என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. தொலைதூரத்து லோடு பத்திரமாக இறங்கிவிட்டது என்று போன் வந்தால் அவர் முகம் அப்படி ஆகும். "வாசல் பக்கத்துல பார்வையாளருக்குன்னு ஒரு பெஞ்சு போட்டிருக்குது. உக்காந்தேன். ஒரு அம்மா உள்ள போய்ச் சொன்னாங்க, வசந்தாமணி, உங்க வூட்டுக்காரரு வந்திருக்காருன்னு. உள்ளயிருந்து உங்கம்மா சத்தம் வருது: 'ரெட்டு விழுந்திருச்சு, ஃபாலோ போடோணும், இருக்கச் சொல்லுங்க.'"

"என்னது?" என்றாள் வசந்தாமணி.

"கேரம் ஆடற. மாப்பிள்ளை ரூம்ல போர்டு போட்டு நாலு பேரு."

"எனக்குக் கேரம் ஆடவே தெரியாதுங்களே."

"நல்லாத் தெரியுது. ஃபைனுதான் நெறையா வருதாட்ட இருக்குது. உன்ற சத்தந்தான் வெளிய கேட்டுச்சு. அந்தக் காய் எங்களுதுன்னு ஒரு சண்ட. எதிர்ல ஆடறவங்க ஏமாத்தறாங்கன்னு ஒரு சண்ட. குழம்புல உப்பில்லைன்னு நடுவுல ஒரு சண்ட. ஒரு ஆட்டம் முடிஞ்சு அடுத்த ஆட்டம். நான் வந்ததையே மறந்துட்ட."

"அப்பா," என்றாள் இந்துமதி, "அம்மா உங்களப் பாக்க வரவே இல்லியா?"

"வரல கண்ணு." அவ்வளவு சந்தோசமாக அவர் எதையும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. "பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. நாப்பத்தாறு வருசத்துல நான் வந்தா எழுந்திரிக்காம இருந்ததில்ல இவ. அங்க எழுந்திரிக்கல. அங்கயே விட்டிருங்க."

வசந்தாமணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "செத்துப்போன புருசன் வந்து வாசல்ல உக்காந்திருக்காரு, நான் கேரம் ஆடறனாக்கும். அப்படிப்பட்டவளா நானு? நாலு வருசம், அஞ்சு வருசத்துல மறந்துருவனா? அந்த எடமே எனக்கு வேண்டாம்."

"மறந்துட்டன்னு யாரு சொன்னா? ரெட்டு விழுந்திருச்சுல்ல. அடுத்த காயும் போட்டாத்தான் அது செல்லும், எழுந்து வந்தா கெட்டுப் போயிருமல்ல."

"வெளையாடாதீங்க."

"வெளையாடல வசந்தா." குரல் தாழ்ந்தது. "மத்த ரெண்டு எடத்துலயும் நான் திரும்பி வர்றதுக்குள்ள செத்தேன். ரெண்டாவது தடவையா. அங்க மட்டுந்தான் நிம்மதியா எழுந்து வந்தேன்."

வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்தன நேரமும் வெயில்லயா உக்காந்திருந்தீங்க?"

"நெழல்தான். வேப்ப மரம் ஒண்ணு நிக்குது. ஜிலுஜிலுன்னு காத்து. ஒரு தூக்கங்கூடப் போட்டேன்."

ரெஜினா மெல்ல இருமினாள். நேரமாகிவிட்டது. சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்து, உங்கம்மாவ மெரட்டாத. வசந்தா, அந்த வாட்ச்சுப் பட்டைய ஒரு துளை போட்டுக் கட்டு. கழண்டு உழுந்துரும்."

பிறகு சுவர் சுவராக இருந்தது. வெள்ளையடித்ததில் ஓரிடம் பொரிந்திருந்தது.

எழுந்து கதவு வரை போன வசந்தாமணி திரும்பி வந்தாள். "அந்த மூணு பேரு என்ன ஆவாங்க?"

"நிறுத்திருவோம்மா. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"வீட்ல இருக்கறவள மொதல்ல நிறுத்துங்க," என்றாள். "சோலையில இருக்கறவள அடுத்து. கேரம் ஆடறவ இருக்கறாளே, அவ ஆட்டம் முடியட்டும்."

ரெஜினா அவளைப் பார்த்தாள். "சரிங்கம்மா," என்றாள். அந்த மையத்தில் அப்படி ஒரு வேண்டுகோளை அதுவரை யாரும் வைத்ததில்லை என்று பின்னொரு நாள் இந்துமதிக்குச் சொன்னாளாம்.

மஹாலில் முதல் வருசம் வசந்தாமணி மாப்பிள்ளை ரூம் பக்கமே போகவில்லை. மணமகள் ரூம் இப்போது நோயாளிகள் அறை, மேடையில் டிவி, பந்திக்கூடத்தில் வரிசையாகக் கட்டில். ராஜாமணி காலையில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துக்கொண்டே எல்லோரையும் வைது முடிப்பாள். அவளிடம் வசவு வாங்காதவருக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். குழம்பில் உப்புக் குறைவுதான். அதைச் சொன்னால், "வந்து போடு," என்று கரண்டியை நீட்டுவாள். சொன்னவர் போய்ப் போட்டாக வேண்டும். அப்படித்தான் வசந்தாமணி சமையல்கட்டுக்குள் போனாள். எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒட்டிவிடக் கூடாது என்று பிடிவாதமாகவும் இருந்தாள். கேரம் போர்டின் டக்டக் சத்தம் கேட்டால் சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் கெங்கம்மா வந்து நின்றார். தெலுங்கு வாடையோடு பேசுகிற, எண்பதைத் தாண்டிய பெண். "ஏம்மா, ஒரு கை குறையுது. ருக்மணிக்குக் கண்ணாஸ்பத்திரி. வந்து சும்மா உக்காரு, உன் ஆட்டத்தையும் நானே ஆடிக்கறேன்."

சும்மாதான் உட்கார்ந்தாள். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். நகம் வலித்தது. காய் எங்கோ போயிற்று. கெங்கம்மா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள். இந்துமதி குழந்தையோடு வந்திறங்கிய மத்தியானம், சொல்லாமல் வந்து அம்மாவைத் திடுக்கிட வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். ராஜாமணி உள்ளே வந்து சொன்னபோது வசந்தாமணி ஒற்றைக்கண்ணை மூடிக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கச் சொல்லு, வர்றேன்," என்றாள் நிமிராமல்.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. ஸ்ட்ரைக்கரைப் போர்டிலேயே வைத்துவிட்டு, மூட்டு வலியையும் மறந்து வாசலுக்கு வந்தாள்.

பெஞ்சில் யாரும் இல்லை. இந்துமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போர்டிகோவில் தள்ளி நின்றிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் நீர். "கேரமா?" என்றாள்.

"ஏன் சாமி நின்னுட்டிருக்கற? பெஞ்சுல உக்காந்திருக்கலாமல்ல."

"உக்காந்தேம்மா. சுடுது. கொழந்த துள்ளி எழுந்துட்டான்."

வசந்தாமணி பெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துவிட்டாள். வேப்ப மரம் மேற்கே தள்ளி நின்றது. அதன் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

"இந்த மரத்து நெழலு இங்க வராதா?" என்று ராஜாமணியைக் கேட்டாள்.

"பொழுது சாஞ்சாத்தான் வரும். நான் இந்த மண்டபத்த எடுத்த நாள்ல இருந்தே அப்படித்தான். மத்தியானம் வர்றவங்க பாவம், வெந்துதான் போறாங்க."

நெழல்தான், ஒரு தூக்கங்கூடப் போட்டேன் என்று அன்றைக்குச் சொன்ன குரல் வசந்தாமணியின் காதில் கேட்டது. கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் திருப்பிவிட்டுக்கொண்டாள். பிறகு பேரனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உள்ள வாங்க," என்றாள்.

அன்று சாயந்திரமே பெஞ்சை மரத்தடிக்கு மாற்றிப் போடச் சொன்னாள். ஆள் வந்து கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிட்டு, இது சிமென்ட் விட்டு ஊன்றியது, உடைத்தால்தான் வரும் என்று சொல்லிப் போய்விட்டான். பெஞ்சு அங்கேயேதான் இருக்கிறது. வேப்ப மரத்து நிழல் அதன்மேல் வர இன்றைக்கும் பொழுது சாய வேண்டும்.